தனுஷ்கோடியில் இரண்டு கொள்ளுத் தாத்தாக்கள்

ஓய்வு பெற்ற பிறகு பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் இரண்டு வகை. நலம் விசாரிப்பவை பண்டிகைக்குப் பண்டிகை வரும். ஏதாவது கோளாறு என்று வருபவை எப்போதும் வரும். போன மாதம், இப்போது அங்கே புக்கிங் பார்க்கும் ஸ்வேதா கூப்பிட்டது இரண்டாம் வகை.

"மேடம், நம்ம ஆப்ல ஒரு பிரச்சனை. ராமேஸ்வரம் பித்ரு காரியத்துக்கு புக் பண்றவங்க அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா மூணு பேர் பேரும் போடணும் இல்லையா? அப்பா பேரும் கொள்ளுத் தாத்தா பேரும் ஒண்ணா இருந்தா ஆப் ஏத்துக்க மாட்டேங்குது. இந்தப் பேர் ஏற்கனவே இருக்குன்னு சொல்லுது."

"சரியாத்தானே சொல்லுது. ஏற்கனவே இருக்கிற பேர்தான்."

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். காலையிலேர்ந்து மயிலாப்பூர் மொத்தமும் போன் பண்ணித் திட்டுது."

திட்டத்தான் செய்யும். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது இங்கே வழக்கம். அப்படி வைத்தால் ஒருவருடைய அப்பாவுக்கும் கொள்ளுத் தாத்தாவுக்கும் ஒரே பெயர் வரும். ஆப் எழுதிய பிள்ளைக்கு அது தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. அவனுக்கு அப்பா பெயர் என்பது தன் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து, அவ்வளவுதான்.

"புதுசா சேர்ந்தவங்களுக்கு இதெல்லாம் அரைப் பக்கத்துல எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். அரைப் பக்கத்தில் அடங்கும் விஷயமில்லை இது. இந்தப் பெயர் சமாசாரம் என் வேலையில் ஒருநாள் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளக்கப் பார்த்தது. அதை எழுதுகிறேன். ஆப்பைத் திருத்துவது அவர்கள் பாடு.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் பிலோமினா. பிறந்தது சாந்தோமில், மாதா கோயில் மணியோசை கேட்கும் தெருவில். கல்யாணத்துக்குப் பிறகு மந்தைவெளி. வரலாற்றில் முதுகலை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் நீண்ட லீவில் போயிருந்தார், அந்த இடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் உடம்பு தேறித் திரும்பி வந்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் வேலை தேடப் போனேன்.

கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் யாத்திரைக் கம்பெனி. நடத்தியவர் திருச்செந்தூருக்குப் பக்கத்துக்காரர். தம்பிகளுக்குத் தி. நகரில் பாத்திரக் கடை, ஜவுளிக் கடை. இவர் மட்டும் ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கடலோரக் கோயில்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. என் பெயரைப் பார்த்தார். சான்றிதழ்களைப் பார்த்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் போகணுமோ?"

"போகணும் சார்."

"பஸ்ஸு ஞாயித்துக்கிழமை ரோட்டுல்லா இருக்கும்?"

"வழியில இருக்கிற கோயிலுக்குப் போய்க்கறேன் சார். கடலோரம் பூரா எங்க கோயிலும் இருக்கு."

சிரித்தார். "சரிதான். உள்ள போறவங்க சாமியைப் பாத்துக்கிடுவாங்க, சாமி அவங்களைப் பாத்துக்கிடும். வெளிய நின்னு செருப்பையும் பையையும் பாக்கதுக்குத்தான் எனக்கு ஆள் அம்புடல. இதுவரைக்கும் வச்ச மானேஜர் எல்லாரும் ஜனங்களுக்கு முன்னால உள்ள ஓடிருதாங்க."

இப்படித்தான் ஒரு கத்தோலிக்கப் பெண் இந்து யாத்திரைகளின் மானேஜர் ஆனாள். கம்பெனியில் யாருக்கும் இது ரகசியமில்லை. பயணிகளுக்கு பிலோமினா என்ற பெயர் நாக்கில் ஏறவில்லை, மீனாவாக்கிவிட்டார்கள். "மீனாட்சியா, மீனலோசனியா?" என்று கேட்ட மாமியிடம் உண்மையைச் சொன்னேன். "அதனாலென்ன, மீனான்னே இருக்கட்டும்" என்றார்.

பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. மூத்த மானேஜர் ஒருவர் பின்னால் ஒரு வருஷம் பை தூக்கிக்கொண்டு அலைந்தேன். பஞ்சாங்கம் பார்க்கவும், எந்தக் கோயில் நடை எப்போது சாத்தும் என்று சொல்லவும், கோத்திரம் கேட்டால் ராசியைச் சொல்பவர்களைத் திருத்தவும் கற்றுக்கொண்டேன். சரித்திரம் படித்தது வீண்போகவில்லை. யார் என்ன சொன்னாலும் உடனே நம்பக்கூடாது என்பதைத்தான் கல்லூரியில் ஐந்து வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள்.

ராமேஸ்வரத்தில் முறை இது. முதலில் கடலில் குளியல், பிறகு கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தக் கிணறுகளில் குளியல், பிறகு உலர்ந்த துணி, அதன் பிறகு தரிசனம். படிக்கும்போது ஒரே வரி. நடத்திப் பார்த்தால் தெரியும். கடலில் இறங்குவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, லொடலொடவென்று இருக்கும் மோதிரம், எல்லாவற்றிற்கும் மேலாகப் பல் செட், இவ்வளவையும் நான் கரையில் வாங்கிக்கொள்ள வேண்டும். முங்கும்போது வாயை மூடிக்கொள்ள நம் ஜனங்களால் முடியாது. சுலோகம் சொல்வார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்பார்கள். என் முதல் வருஷத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 'கோவிந்தா' என்றார். மேல் வரிசைப் பற்களை வங்கக் கடல் திருப்பித் தரவேயில்லை. அதிலிருந்து ஸீட் நம்பர் எழுதிய டப்பாக்கள் வைத்துக்கொண்டேன். அப்படியும் ஒருமுறை இரண்டு பெரியவர்கள் டப்பாவை மாற்றி எடுத்துப் பரமக்குடி வரை இட்லியைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

டில்லி என் டிரைவர். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன். அப்பன் கட்டுமரம், பிள்ளை பஸ். எந்தக் கரையானாலும் ஜனங்கள் இறங்குவதற்கு முன் அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்ப்பான். "இந்தாண்ட எறக்கு மேடம். அந்தாண்ட போனா இழுத்துக்கினு பூடும்" என்பான். அவன் காட்டிய இடத்தைத் தவிர வேறு இடத்தில் நான் யாரையும் இறக்கியதில்லை. பயணிகள் நான் பஞ்சாங்கம் பார்த்து இடம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சியைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வழியில் எந்தத் தகராறு வந்தாலும் அவருக்குப் போன் செய்தாக வேண்டும். அது சட்டம். முழுவதையும் கேட்பார். நடுவில் 'ம்' கூடக் கொட்டமாட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் போனை வைத்துவிடுவார். ஒருமுறை தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. பயணிகள் என்னைச் சூழ்ந்துகொண்டு நுகர்வோர் நீதிமன்றம் வரை பேசிவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "சாப்பிட்டாங்களா?" என்றார், வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் கிடைத்த ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். தயிர்சாதம் வருவதற்குள் நீதிமன்றம் கலைந்துவிட்டது. இன்னொருமுறை கன்னியாகுமரியில் ஒரு பெரியவரைக் காணவில்லை. "அவருக்குக் காப்பி பிடிக்குமா?" என்றார். காப்பிக் கடையில்தான் இருந்தார், மூன்றாவது டம்ளரோடு. தெரிந்து கேட்கிறாரா, வாய்க்கு வந்ததைக் கேட்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இனி அந்தக் குடும்பம். அண்ணன் வெங்கடேசன், அபிராமபுரம், ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி நாகராஜன், தி. நகரில் ஆடிட்டர். அண்ணன் மனைவி கல்யாணி மாமியும் கூட வந்திருந்தார். தம்பி மனைவி பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தார். அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ராமேஸ்வரம் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், அதற்கப்புறம் அடையாறு பாலத்தைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

அதனால்தான் அந்தப் பயணம். அண்ணனும் தம்பியும் வேலை நிமித்தமாக வேறு வேறு ஊர்களில் இருந்தவர்கள். அமாவாசை தர்ப்பணத்தை அவரவர் வீட்டில் தனித்தனியாகச் செய்து பழகியவர்கள். ஒரு தடவையாவது சேதுக் கரையில் தம்பியோடு ஒன்றாக உட்கார்ந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. மயிலாப்பூரில் ஏறியதிலிருந்து இருவரும் ஒரே ஸீட்டில், ஒரே பிளாஸ்க்கில் காப்பி. "பாருங்கோ மீனா, கல்யாணமான புதுசுல எங்கிட்டக்கூட இவ்வளவு பேசினதில்லே" என்றார் கல்யாணி மாமி.

அமாவாசையன்று காலை ராமேஸ்வரத்திலிருந்து வேன்களில் தனுஷ்கோடிக்குப் போனோம். ஒரு பக்கம் அலையில்லாமல் கிடக்கும் பெண் கடல், இன்னொரு பக்கம் சீறும் ஆண் கடல், நடுவில் மணல். அங்கே நிழல் என்றால் வேனின் நிழல்தான். டில்லி காட்டிய இடத்தில் முங்கி எழுந்தார்கள். பெண்கள் துணி மாற்றப் போக, ஆண்கள் விரலில் தர்ப்பைப் பவித்திரத்தோடு வரிசையாக மணலில் உட்கார்ந்தார்கள். சாஸ்திரிகள் மந்திரத்தைச் சொல்லி, பெயர் வரும் இடத்தில் நிறுத்துவார். அவரவர் தங்கள் முன்னோர் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடவேண்டும். முதலில் அப்பா. சகோதரர்கள் இருவரும் 'சுப்பிரமணிய சர்மா' என்றார்கள். அடுத்து தாத்தா. இருவரும் 'சாமிநாத சர்மா' என்றார்கள். அண்ணன் முகத்தில் அப்படியொரு நிறைவு.

அடுத்து கொள்ளுத் தாத்தா. அண்ணன், 'சுப்பிரமணிய சர்மா' என்றார். அதே மூச்சில் தம்பி, 'ஷண்முக சர்மா' என்றார்.

தம்பி திரும்பிப் பார்த்தார். "என்னண்ணா, அப்பா பேரையே மறுபடியும் சொல்றே?"

"கொள்ளுத் தாத்தா பேரும் அதுதான்டா. அவர் பேரைத்தான் அப்பாவுக்கு வச்சா."

"கொள்ளுத் தாத்தா பேரு ஷண்முகம்."

"யார் சொன்னா?"

"அம்மா சொன்னா."

"அம்மாவுக்கு மறந்து போயிருக்கும்டா. எனக்கு அப்பாவே சொல்லிக் குடுத்தார்."

வரிசை முழுவதும் கையில் எள்ளை வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தது. சாஸ்திரிகள் நல்ல மனிதர். சமாதானம் செய்துவைக்கும் எண்ணத்தில், "மாமா, கோச்சுக்கப்படாது, ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தானே?" என்று கேட்டார்.

அதற்குமேல் யாராலும் எதையும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

"கேட்டியா? கேட்டியாண்ணா? இதுக்குத்தான் என்னை இவ்வளவு தூரம் அழைச்சிண்டு வந்தியா?" நாகராஜன் எழுந்துவிட்டார். "முப்பது வருஷமா நான் எவனோ ஒருத்தனுக்குத் தண்ணி விட்டிண்டிருக்கேன்னு ஊருக்கு முன்னால சொல்றே."

"நான் எங்கேடா சொன்னேன்? நீதான் இப்போ சொன்னே."

நாகராஜன் பவித்திரத்தைக் கழற்றி மணலில் போட்டார். பாதியில் அப்படிச் செய்யக்கூடாது. சாஸ்திரிகள் 'அடடா' என்றார். நாகராஜன் திரும்பிப் பார்க்காமல் வேனுக்கு நடந்தார். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். "அவன் வராம நான் மேல சொல்லப் போறதில்லே. மத்தவாளுக்குப் பண்ணி வையுங்கோ" என்றார். கையிலிருந்த எள்ளைக் கீழே போடவும் இல்லை, தண்ணீரில் விடவும் இல்லை.

நான் வேனுக்குப் போனேன். "எனக்கு ஒரு ஆட்டோ சொல்லுங்கோ மேடம். சாயங்கால ரயில்ல நான் மெட்ராஸ் போறேன்" என்றார் நாகராஜன். இந்த மணலில் ஆட்டோ வராது என்றேன். கடலைப் பார்த்தபடி அவரே தொடர்ந்தார்.

"எனக்குப் பூணூல் போடறச்சே அப்பா இல்லை மேடம். அண்ணாவுக்கு ரயில்வேயில லீவு கிடைக்கலே. அம்மாவோட அக்கா ஆத்துக்காரர், பெரியப்பா, மடியில உக்காத்தி வச்சுப் போட்டா. அப்பா பேரும் தாத்தா பேரும் அவருக்குத் தெரியும், கொள்ளுத் தாத்தா பேரு தெரியலே. பண்ணி வச்ச வாத்தியார் கேட்டப்போ அம்மாதான் சமையலுள்ளேர்ந்து சொன்னா. அப்பா கிட்டேர்ந்து அவனுக்கு எவ்வளவோ வந்தது. எனக்கு வந்தது அந்த ஒரு பேரு. அதையும் அம்மா மறந்துட்டு எதையோ சொல்லிட்டாங்கறான். எங்கம்மாவா மறப்பா? பால் கணக்கே எழுதி வச்சுக்கமாட்டா."

இறங்கி வந்தேன். வேன் நிழலில் டில்லி நின்றிருந்தான்.

"இன்னா மேடம் இது, தாத்தனுக்கு அப்பன் பேருக்கா இம்மாம் சண்டை? எங்க நைனா பேரே ரேஷன் கார்டுல தப்பாத்தான் கீது. நாங்க இன்னா, நைனாவையா மாத்திக்கினோம்?"

"நீ சும்மா இரு டில்லி."

"நான் சும்மாத்தான் கீறேன். பெரியவரைப் பாரு. வெயில்ல குந்திக்கினு கீறாரு. ஆப்ரேசன் ஆன ஒடம்பு மேடம்."

பெரியவரிடம் ஓடினேன். குடை பிடித்தால் வேண்டாம் என்றார். தண்ணீர் கொடுத்தால் காரியம் முடியாமல் குடிப்பதில்லை என்றார். இன்று தம்பி ரயிலேறினால் இனி இந்த மனிதர் சேதுக் கரையை மிதிக்கப் போவதில்லை. அபிராமபுரத்துக்கும் தி. நகருக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச தூரத்தையும் யாரும் தாண்டப் போவதில்லை.

போனை எடுத்தேன். தனுஷ்கோடியில் போன்கள் நம் பேச்சைக் கேட்பதில்லை, இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும். மணல்மேட்டில் ஏறி நின்று ஒருவழியாக அண்ணாச்சியைப் பிடித்து, சண்டையை முதலிலிருந்து சொன்னேன். வழக்கம்போல் முழுவதையும் கேட்டார்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் சொல்லுதாங்க. வீட்டு அம்மாகிட்ட கேட்டியளா டீச்சர்?"

"அவங்க வந்த மருமக அண்ணாச்சி, கொள்ளுத் தாத்தா பேரு அவங்களுக்கு எப்படி..."

வைத்துவிட்டார்.

கல்யாணி மாமி கடைசி வேனின் கதவில் ஈரப் புடவையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. முகம் வாடியிருந்தது.

"மாமி, உங்க கொள்ளு மாமனார் பேரு தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும் மீனா? மாமனார் பேரையே நான் வாயால சொன்னதில்லே."

"மாமனார் பேரு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ஷண்முகம்னு சொல்லுவோம்."

"ஷண்முகமா? சார் வேற பேரு சொன்னாரே. சுப்பிர..."

"ஸ்ஸ்! நீங்க சொல்லலாம், நான் சொல்லப்படாது" என்று மாமி காதோரம் கை வைத்தார். "எங்க மாமியார் ரொம்ப ஆசாரம். ஆத்துக்காரர் பேரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அந்தப் பேரு எங்கே வந்தாலும் ஷண்முகம்னுடுவா. கறிகாய் வண்டிக்காரன் ஒருத்தன் வாசல்ல வருவான். அவனுக்கும் அதே பேரு. அவனையே 'ஷண்முகம், கத்திரிக்காய் இருக்கா'ன்னுதான் கேப்பா. பாவம், அவனும் திரும்பிப் பாத்துப் பழகிண்டான்."

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அப்பாவின் பெயர் சவேரியார். கோயிலில் புனிதர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று ஜனங்கள் பாடும்போது, அந்தப் புனிதர் வந்ததும் அம்மா இருமுவாள், இல்லாவிட்டால் முக்காட்டைச் சரிசெய்வாள். ஆயுள் முழுவதும் அவரிடம் மட்டும் அம்மா ஒரு வேண்டுதலும் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் இருமல், மாமி வீட்டில் ஷண்முகம்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாவை இப்போது என்னால் பார்க்க முடிந்தது. வாத்தியார் கொள்ளுத் தாத்தாவின் பெயரைக் கேட்கிறார். அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது அவள் புருஷனின் பெயரும்கூட. நாக்கு ஒருக்காலும் அந்தப் பக்கம் போகாது. அவள் வழக்கமாகச் சொல்லும் பெயரைச் சொன்னாள். வாத்தியார் அதையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"மாமி, இதை அங்க வந்து சொல்லுங்க."

"நானா? ஆம்பளைகள் தர்ப்பணத்துல எனக்கு என்ன வேலை?"

"இந்த ஒரு வேலை உங்களால மட்டும்தான் முடியும்."

மாமி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார். வேன் படியில் உட்கார்ந்திருந்த நாகராஜன் அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அண்ணன் உட்கார்ந்திருந்த இடம் கூப்பிடு தூரம்தான்.

"மன்னி, நீங்க சிபாரிசுக்கு வராதீங்கோ."

"சிபாரிசு இல்லே நாகு. ஒரு கேள்வி. நீ பள்ளிக்கூடத்துல படிக்கறச்சே நம்மாத்து வாசல்ல கறிகாய் வண்டி தள்ளிண்டு வருவானே, அவன் பேரு என்ன?"

"இப்போ எதுக்கு அவன்? ஷண்முகம்."

"அது உங்கம்மா கூப்பிட்ட பேரு. அவனோட பேரு என்ன?"

"அதான் சொன்னேனே, ஷண்..."

"சுப்பிரமணிடா" என்றார் அண்ணன் மணலில் இருந்தபடியே. "வண்டியில பெரிசா எழுதியிருக்கும். நீ எங்கே பாத்தே, வெள்ளரிப்பிஞ்சைத் திருடறதுலேயே கண்ணா இருந்தே." சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்தார். மாமி தலையை மெதுவாக ஆட்டினார்.

நாகராஜன் மறுபடியும் படியில் உட்கார்ந்தார். ஆடிட்டர் அல்லவா, கணக்கு அவருக்கு உடனே நேராகிவிட்டது. "அப்போ அம்மா... அப்பா பேரைச் சொல்லப்படாதுன்னு..."

"கொள்ளுத் தாத்தாவுக்குப் பேர் மாத்தி வச்சுட்டா" என்றார் மாமி.

யார் முதலில் சிரித்தது என்று எனக்கு ஞாபகமில்லை. டில்லியாக இருக்கலாம். நாகராஜன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்புக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அண்ணன் எழுந்து வர முயன்றார். மணலில் கால் புதைந்து தடுமாறியது. தம்பி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா மறக்கலேடா நாகு. நான்தான் யோசிக்காம சொல்லிட்டேன்."

"நீ உக்காருண்ணா முதல்ல."

ஆடிட்டருக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. சாஸ்திரிகளிடம் கேட்டார். "முப்பது வருஷமா வேற பேரைச் சொல்லி விட்ட தண்ணி?"

சாஸ்திரிகள் இந்தமுறை யோசித்துப் பேசினார். "சுப்பிரமணியனும் ஷண்முகனும் முருகன்தானே மாமா. உங்க அம்மா வேற சாமி பேரையா சொன்னா? போய்ச் சேர்ந்திருக்கும். ஆனா பவித்திரத்தைக் கழட்டியாச்சு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"மறுபடியும் மொதல்லேர்ந்தா!" என்று டில்லி முனகினான். ஆனாலும் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனான். இந்தமுறை பெரியவர் குடை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். திறந்த மணல், மேலே வானம். இந்தக் கோடுவரைதான் நீ வரலாம் என்று யாரும் போட்டுவைக்காத இடம். என் வேலையில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, ஆனால் அன்று நின்ற இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

புதுப் பவித்திரம், புது எள். அப்பா. தாத்தா. கொள்ளுத் தாத்தா வந்தபோது சாஸ்திரிகள் ஓரக்கண்ணால் பார்த்தார். இருவரும் 'சுப்பிரமணிய சர்மா' என்றார்கள். ஒவ்வொருவருக்கும் மும்மூன்று முறை தண்ணீர் விட்டார்கள். அப்பா வரிசை முடிந்தது.

அடுத்தது அம்மா வரிசை. "தாயார் பேரு?" என்று நிறுத்தினார் சாஸ்திரிகள்.

அதில் தகராறு ஏதும் இல்லை. 'தர்மாம்பாள்' என்றார்கள். அண்ணன் குரல் நடுங்கியது, தம்பி குரல் அதைத் தாங்கிப் பிடித்தது. கட்டியவன் பெயரை ஆயுசு முழுவதும் உதட்டுக்கு வெளியே விடாத அந்த அம்மாவின் பெயரை, முறைப்படி மூன்று தடவை, இரண்டு கடலுக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னார்கள்.